கோச்சால் எத்தனை புள்ளி?

பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கத்துக்குச் சாயங்காலம் நடக்க வருகிறவர்களிடம், முந்தின நாள் டி.வி.யில் தோற்ற கால்பந்து அணியைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் பதில் தயாராக வரும்: “கோச்ச மாத்தாம அந்த டீமு உருப்படாது, அண்ணாச்சி.” அதே அணி அடுத்த வாரம் ஜெயித்தால் பேச்சு கோல் அடித்தவனைப் பற்றித்தான் இருக்கும். பழி கோச்சுக்கும் புகழ் ஆட்டக்காரருக்கும் போய்ச் சேருகிறது. கோச்சின் பங்கு உண்மையில் எவ்வளவு என்பதை, நம் பக்கத்தில் பலரும் பல வருடமாகப் பார்த்துவரும் சென்னையின் எஃப்.சி.யை வைத்தே ஆராயலாம்.

2017-18 இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) சீசனில் ஜான் கிரிகரியின் பயிற்சியில் சென்னையின் எஃப்.சி. கோப்பை வென்றது. லீக் சுற்றில் 18 ஆட்டங்களில் 32 புள்ளி. அடுத்த சீசனிலும் கிரிகரிதான் கோச். 18 ஆட்டங்களில் வந்தது 9 புள்ளி, பத்து அணிகளில் பத்தாவது இடம். பன்னிரண்டு மாதத்தில் ஒருவர் தன் தொழிலை மறந்துவிட மாட்டார். நடுக்களத்தில் பந்தைப் பறித்துத் தந்த தன்பால் கணேஷ் முழங்கால் காயத்தால் அந்த சீசனில் இல்லை. தடுப்பாட்டத்தை நடத்திய கேப்டன் ஹென்ரிக் செரேனோ அணியை விட்டுப் போயிருந்தார். முந்தைய சீசனில் 9 கோல் போட்ட ஜேஜே லால்பெக்லுவாவுக்குக் கோல் வற்றிப் போனது.

2019-20இல் கிரிகரி ஆறு ஆட்டங்களில் 5 புள்ளியோடு விலகினார். முதல் நான்கு ஆட்டங்களில் அணி ஒரு கோல்கூடப் போடவில்லை. டிசம்பரில் ஓவன் காய்ல் வந்தார். அதே ஆட்டக்காரர்களை வைத்து மிச்சம் 12 ஆட்டங்களில் 24 புள்ளி எடுத்தார். அரையிறுதியில் கோவாவை இரண்டு ஆட்டங்கள் சேர்த்து 6-5 என்று தாண்டி, இறுதி ஆட்டத்தில் கொல்கத்தா அணியான ஏ.டி.கே.யிடம் 1-3 என்று தோற்றார். இதோடு நிறுத்தினால் எல்லாம் கோச்தான் என்று எழுதிவிடலாம். காய்ல் அடுத்து ஜாம்ஷெட்பூருக்குப் போய் 2021-22இல் 43 புள்ளியோடு, லீக் சுற்றில் முதலிடம் பிடிக்கும் அணிக்கான ஷீல்டும் வாங்கித் தந்தார். பிறகு சென்னையினுக்கே திரும்பினார். 2024-25இல் 13 அணிகளில் 11ஆவது இடம்.

ஒரே கோச் மேலேயும் இருக்கிறார், கீழேயும் இருக்கிறார். எங்கள் கணிப்பு இது: தொழில்முறை அணியில் நல்ல கோச்சுக்கும் சுமாரான கோச்சுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு சீசனில் சில புள்ளிகள்தான். அந்தச் சில புள்ளிகள் எங்கே கிடைக்கின்றன, எங்கே தவறுகின்றன என்பதைத் துல்லியமாகக் காட்ட முடியும். பத்து வயதிலிருந்து பதினாறு வயது வரை பிள்ளைகளை ஆக்கும் கோச்சின் பங்குக்கோ அப்படி ஒரு வரம்பு கிடையாது. திருநெல்வேலிச் சீமையில் கால்பந்து பற்றிப் பேசுகிறவர்கள் முதல் வகையைப் பற்றி நிறையப் பேசுகிறோம். இரண்டாவது வகையைப் பற்றிப் போதுமான அளவு பேசுவதில்லை.

சம்பளமும் அதிர்ஷ்டமும்

ஆங்கிலக் கால்பந்துக் கிளப்புகளின் வரவு செலவை ஆராய்ந்த பொருளாதார அறிஞர் ஸ்டெஃபான் ஷிமான்ஸ்கி, 1978 முதல் 1997 வரை 40 கிளப்புகள் கொடுத்த சம்பளத்தையும், லீக்கில் அவை பிடித்த சராசரி இடத்தையும் ஒப்பிட்டார். இடங்களுக்கு இடையே இருந்த வித்தியாசத்தில் 92 சதவீதத்தைச் சம்பளமே விளக்கிவிட்டது. அதிகம் கொடுத்தவர் மேலே, குறைவாகக் கொடுத்தவர் கீழே. கோச், காயம், நடுவர், காற்று, மழை, அதிர்ஷ்டம் எல்லாவற்றுக்கும் சேர்த்து மிச்சம் 8 சதவீதம்.

இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு கோச் தேவையில்லை என்று முடிவுகட்டக் கூடாது. இது இருபது வருடச் சராசரி. ஒரே சீசனை எடுத்தால் பிடி தளரும். அதோடு, நல்ல கோச்சிடம் வளர்ந்த ஆட்டக்காரனின் சம்பளம் ஏறும். அந்த ஏற்றம் கணக்கில் ‘சம்பளம்’ என்ற தலைப்பில்தான் விழும், கோச்சின் பெயரில் விழாது. ஐ.எஸ்.எல்.லில் அணிச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு, வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கும் எண்ணிக்கை வரம்பு உண்டு. பண இடைவெளி சுருங்கிய இடத்தில் கோச்சும், ஆள் தேர்வு செய்கிறவரும் கூடுதலாகத் தெரிவார்கள். ஐ.எஸ்.எல்.லோடு கூடவே நடந்த மற்றொரு தேசிய லீக்கான ஐ-லீக்கைச் சிறிய பட்ஜெட் அணிகள் வென்றதும் உண்டு: 2016-17இல் காலித் ஜமீலின் ஐஸ்வால், 2018-19இல் கோயம்புத்தூரைச் சொந்த மைதானமாக வைத்து ஆடிய, சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸின் சென்னை சிட்டி. சென்னை சிட்டி 43 புள்ளி, இரண்டாவது வந்த ஈஸ்ட் பெங்கால் 42. ஸ்பெயினிலிருந்து எடுத்த நாலைந்து பேரைச் சரியாகத் தேர்ந்து, அவர்களைச் சுற்றித் தமிழ்நாட்டுப் பையன்களை ஆடவிட்ட அணி அது.

அதிர்ஷ்டத்தின் கணக்கு இன்னும் கவனிக்க வேண்டியது. கால்பந்தில் ஓர் ஆட்டத்துக்கு இரண்டரை, மூன்று கோல்தான் விழும். ஒரு பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனால் மூன்று புள்ளி ஒன்றாகிவிடும். ஐந்து ஆட்டம் வரிசையாகத் தோற்ற அணி பெரும்பாலும் கொஞ்சம் மோசமாகவும் ஆடியிருக்கும், கொஞ்சம் துரதிர்ஷ்டத்திலும் மாட்டியிருக்கும். அந்த நேரத்தில்தான் கோச்சை அனுப்புவார்கள். அடுத்து வருகிறவர் எதையும் மாற்றாவிட்டாலும் துரதிர்ஷ்டப் பங்கு தானாகக் கழிந்து, அணி தன் இயல்பான நிலைக்குத் திரும்பும். நெதர்லாந்து லீக்கில் 1986 முதல் 2004 வரை நடந்த கோச் மாற்றங்களை பாஸ் டெர் வீல் ஆராய்ந்தார். கோச்சை மாற்றிய அணிகள் முன்னேறின; அதே அளவு சரிந்தும் கோச்சை மாற்றாத அணிகளும் ஏறக்குறைய அதே போல முன்னேறின. காய்ல் எடுத்த 24 புள்ளியிலும் இதற்கு ஒரு பங்கு உண்டு. நான்கு ஆட்டங்களில் ஒரு கோலும் போடாத அணியில் ஃபார்வர்டு நெரியஸ் வால்ஸ்கிஸ் இருந்தார். சீசன் முடியும்போது அவர் கணக்கில் 15 கோல்.

சரிவு கோச்சாலா, அதிர்ஷ்டத்தாலா என்று பிரித்துப் பார்க்க ஒரு நோட்டும் பேனாவும் போதும். ஒவ்வோர் ஆட்டத்திலும் பெனால்டி பாக்ஸுக்குள்ளிருந்து நம் அணி அடித்த ஷாட் எத்தனை, வாங்கிய ஷாட் எத்தனை. வாங்கிய கோலில் கார்னர், ஃப்ரீ கிக், த்ரோ வழியாக வந்தது எத்தனை. கடைசி 15 நிமிடத்தில் வாங்கியது எத்தனை. எட்டுப் பத்து ஆட்டம் இப்படிக் குறித்தால் போதும். ஷாட் கணக்கு சமமாக இருந்தும் தோற்றுக்கொண்டிருந்தால் பொறுக்கலாம். பாக்ஸுக்குள் வாங்கும் ஷாட் வாரத்துக்கு வாரம் ஏறினால் பயிற்சியில் கோளாறு. கடைசி 15 நிமிடக் கோல்கள் குவிந்தால் உடல் தகுதியிலோ, ஆள் மாற்றும் நேரத்திலோ கோளாறு.

கோச் கையில் உண்மையாக இருப்பது

நின்ற பந்திலிருந்து தொடங்க வேண்டும். ஓடும் ஆட்டத்தில் கோச் கோட்டுக்கு வெளியே நிற்கிறவர். பந்து நின்றுவிட்டால் யார் எங்கே நிற்பது, யார் எப்போது ஓடுவது என்பதை அவர் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கலாம். பெரிய லீக்குகளில் பெனால்டியையும் சேர்த்தால் கோல்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு இப்படி வருகிறது. 2018 மார்ச் 17 அன்று பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் நடந்த ஐ.எஸ்.எல். இறுதி ஆட்டத்தில் 9ஆவது நிமிடமே பெங்களூரு அணியின் சுனில் சேத்ரி கோல் போட்டார். லீக்கில் சென்னையினைவிட 8 புள்ளி கூடுதலாக எடுத்த அணி, சொந்த மைதானம் வேறு. சென்னையின் எஃப்.சி.யின் மைல்சன் ஆல்வெஸ் கார்னரில் தலையால் முட்டி ஒன்று, இடைவேளைக்கு முன் இன்னொரு கார்னரில் தலையால் முட்டி மற்றொன்று. முடிவு 3-2. கோப்பையைக் கொண்டுவந்தது அந்த இரண்டு கார்னர்.

ஆனால் 100 கார்னருக்கு 3 அல்லது 4 கோல்தான் விழும். அதை 5 ஆக்குவதுதான் கோச்சின் வேலை. கார்னரில் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை வேண்டும். அடிக்கிறவர் ஒருவர், பந்து முதல் கம்பத்தில் நிற்கும் எதிராளியின் தலையைத் தாண்டி, கோல் கோட்டிலிருந்து 5, 6 மீட்டர் தள்ளி விழ வேண்டும். முட்டப் போகிறவர்கள் மூன்று பேர், பெனால்டி புள்ளிக்கு வெளியிலிருந்து ஓடி வர வேண்டும். நின்ற இடத்திலிருந்து குதிப்பவனைவிட ஓடி வந்து குதிப்பவன் உயரம் போவான். ஒருவர் கோல்கீப்பர் முன்னால் நின்று அவர் வெளியே வரும் வழியைக் குறுக்க வேண்டும். ஒருவர், முட்டப் போகும் நம் ஆளை மறிக்க வருகிறவனின் பாதையில் விலகாமல் நின்றால் போதும், கையால் தள்ளக் கூடாது. இருவர் பாக்ஸ் விளிம்பில், தெறித்து வரும் பந்துக்கு. இருவர் நடுக்கோட்டில், எதிராளி திருப்பித் தாக்கினால் நிறுத்த. கோல்கீப்பரையும் சேர்த்தால் பதினொன்று சரி.

கெடுவது எங்கே என்றால், அடிக்கிறவரை ஆட்டத்துக்கு ஆட்டம் மாற்றுவார்கள். பந்து முதல் எதிராளியிடமே போகும். ஓடுகிறவர்கள் அவசரப்பட்டு முன்னாலேயே கோல் வாய்க்குள் போய் நின்றுவிடுவார்கள். எல்லோரும் முன்னால் போய், பின்னால் ஒருவர் மட்டும் மிஞ்ச, 10 விநாடியில் நம் கோலில் பந்து கிடக்கும். வாரத்துக்கு இரண்டு தடவை 15 நிமிடம், மூன்றே மூன்று வகை, ஒவ்வொன்றும் எட்டுத் தடவை, எப்போதும் அதே காலால் அடிக்கிறவர். கையைத் தூக்கினால் ஒன்று, இறக்கினால் ஒன்று என்று சைகை. இதற்குமேல் சிக்கலாக்கினால் ஆட்டத்தின் 80ஆவது நிமிடத்தில் ஒருவருக்கும் ஞாபகம் வராது.

த்ரோவை நம் பக்கத்தில் யாரும் பயிற்சியாகவே எடுப்பதில்லை. ஓர் ஆட்டத்தில் 40, 50 த்ரோ வரும். 2018இல் லிவர்பூல், டென்மார்க்காரர் தாமஸ் கிரோனெமார்க்கை த்ரோவுக்கென்றே கோச்சாக எடுத்தது. எதிராளி நெருக்கும்போது எடுத்த த்ரோக்களில் பந்தைத் தங்களிடமே வைத்துக்கொண்ட விகிதம் ஒரு சீசனில் 45 சதவீதத்திலிருந்து 68 சதவீதத்துக்கு ஏறியது. அங்கே வேலை நீளமாக எறிவது மட்டும் அல்ல. எறிகிறவனைச் சுற்றியிருக்கும் மூன்று பேர் ஒரே நேரத்தில் மூன்று திசையில் ஓடி இடத்தைக் காலி செய்வதுதான். நீள எறிக்கு உதாரணம் 2016 யூரோ, ஐரோப்பிய நாடுகளின் கோப்பைப் போட்டி. ஐஸ்லாந்தின் ஆரோன் குன்னார்சன் எறிய, காரி ஆர்னசன் தலையால் தட்டிவிட, ராக்னர் சிகுர்ட்சன் உள்ளே தள்ளினார். இங்கிலாந்து 1-2 என்று தோற்று வீட்டுக்குப் போனது.

அடுத்தது இடைவெளி. 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் உள்ள களத்தைப் பத்துப் பேரால் மூட முடியாது. அதனால் கடைசி டிஃபென்டருக்கும் முதல் ஃபார்வர்டுக்கும் நடுவே 30, 35 மீட்டருக்குமேல் விடாமல் எல்லோரும் சேர்ந்து நகரக் கற்றுத் தர வேண்டும். ஃபார்வர்டு விரட்டப் போய், பின்வரிசை பயந்து பெனால்டி பாக்ஸிலேயே நின்றால் நடுவில் 50 மீட்டர் திறந்து கிடக்கும். எதிராளியின் மிட்ஃபீல்டர் திரும்பிப் பார்த்து நிதானமாக பாஸ் போடுவான். எப்போது சேர்ந்து விரட்டுவது என்பதற்கு மூன்று அடையாளம் போதும்: எதிராளி பின்னால் பாஸ் கொடுக்கும்போது, பந்து அவன் காலில் பட்டுத் தள்ளிப் போகும்போது, கோட்டோரத்தில் தன் கோலைப் பார்த்தபடி பந்தை வாங்கும்போது. இதைப் பலகையில் வரைந்து காட்டினால் ஏறாது. களத்தில் ஆட்டத்தை நிறுத்தி, எல்லோரையும் நின்ற இடத்தில் அப்படியே நிற்கவைத்து, இடைவெளியைக் காலடியால் அளந்து காட்டினால் ஏறும்.

வாரத் திட்டமும் கோச்சின் பொறுப்புதான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்றால், திங்கள் ஆடியவர்களுக்கு 20 நிமிட மெல்லோட்டம், ஆடாதவர்களுக்கு முழுப் பயிற்சி; செவ்வாய் ஓய்வு. புதன் சிறிய களத்தில் 4-க்கு 4, நான்கு நிமிட ஆட்டம் நான்கு, நடுவில் மூன்று நிமிட ஓய்வு. வியாழன் பெரிய களத்தில் அடுத்த எதிராளிக்கான ஆட்டம். வெள்ளி குறுகிய வேக ஓட்டம். சனி 45 நிமிடம், நின்ற பந்து மட்டும். தோற்ற கோபத்தில் திங்கட்கிழமை மைதானத்தைச் சுற்றி 20 ரவுண்டு ஓடவிடுகிற வழக்கம் இன்னும் ஒழியவில்லை. ஓர் ஆட்டத்தில் 10, 11 கிலோமீட்டர் ஓடியவனின் தொடைத் தசை அன்றைக்கு ஆறிக்கொண்டிருக்கும். அதைக் கிழிக்கிற வேலை அது.

ஹாம்ஸ்ட்ரிங் எனப்படும் தொடையின் பின்தசைக் காயத்துக்கு மலிவான தடுப்பு உண்டு. முட்டி போட்டு நின்று, ஒருவர் கணுக்காலை அழுத்திப் பிடிக்க, உடம்பை நேராக வைத்து மெதுவாக முன்னால் சாய வேண்டும். முடிந்தவரை தாங்கிவிட்டுக் கையால் ஊன்றிக்கொள்ளலாம். முதல் வாரம் ஒரு நாள் மட்டும், 5 தடவையாக 2 சுற்று. இரண்டாவது வாரம் இரண்டு நாள், 6 தடவை. மூன்றாவது வாரத்திலிருந்து மூன்று நாள், 3 சுற்று. இதை ஒழுங்காகச் செய்த அணிகளில் இந்தக் காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருக்கிறது. முதல் நாளே 30 தடவை செய்யவிட்டால் இரண்டு நாள் நடக்க முடியாது. அதோடு பையன்கள் அந்தப் பயிற்சியையே வெறுத்துவிடுவார்கள். ஃபிஃபாவின் ‘11+’ வார்ம்-அப்பும் இப்படித்தான்: 8 நிமிட ஓட்டம், 10 நிமிடம் வலுவும் சமநிலையும், 2 நிமிட வேக ஓட்டம். 20 நிமிடம், வாரத்துக்குக் குறைந்தது இரண்டு தடவை, பந்தைத் தவிர வேறு எந்தச் சாமானும் வேண்டாம். லெஸ்டர் சிட்டி 2015-16இல் இங்கிலீஷ் பிரீமியர் லீக்கை வென்றதில் கிளாடியோ ராணியேரியின் தந்திரத்தைவிட, காயம் குறைந்து அதே பதினொருவரையே வாராவாரம் இறக்க முடிந்தது பெரிய காரணம் என்பது எங்கள் எண்ணம். அடுத்த சீசனில் அந்தப் பதினொருவரில் ஒருவரான நடுக்கள ஆட்டக்காரர் கான்டே செல்சிக்குப் போனார். ராணியேரி 2017 பிப்ரவரியில் நீக்கப்பட்டார்.

வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், நம் ஊர் அப்படி. சித்திரை, வைகாசியில் பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்ப்பது எல்லா அணிக்கும் கட்டாயமாக இருக்க வேண்டும். 70 கிலோ பையன் 68.6 கிலோவாக இறங்கினால் 2 சதவீதம் போய்விட்டது. அதற்குமேல் ஓட்டமும் குறையும், முடிவெடுக்கும் வேகமும் குறையும். இழந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை லிட்டர், உப்புப் போட்டது, அடுத்த சில மணி நேரத்தில் சிறிது சிறிதாக உள்ளே போக வேண்டும். மோரும் உப்பும் நல்லது. வெறும் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தால் சிறுநீராகப் போய்விடும். வெயில், ஈரப்பதம், காற்று மூன்றையும் சேர்த்து அளக்கும் வெப்ப அளவு 32 டிகிரியைத் தாண்டினால் 30ஆவது நிமிடத்திலும் 75ஆவது நிமிடத்திலும் ஆட்டத்தை நிறுத்தித் தண்ணீர் தர வேண்டும் என்கிறது ஃபிஃபா. நல்ல கோச் அந்த மூன்று நிமிடத்தைத் தண்ணீருக்கு மட்டும் விடமாட்டார். ஒரே ஒரு திருத்தம் சொல்லுவார். ஐந்து திருத்தம் சொன்னால் ஒன்றும் தங்காது.

ஆனி, ஆடியில் பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் காற்றாலை சுற்றுகிற காற்று அடிக்கும்போது ஆட்டமே வேறு. காற்றை எதிர்த்து ஆடும் பாதியில் கோல் கிக்கை உயரத் தூக்கினால் பந்து நம் பாக்ஸ் பக்கமே திரும்பும். பக்கத்திலுள்ள டிஃபென்டருக்குத் தரையோடு கொடுத்துத் தொடங்க வேண்டும். காற்று முதுகில் இருக்கும் பாதியில் தூரத்திலிருந்து அடிப்பதும், கார்னரைக் கோலுக்குள் வளைப்பதும் லாபம். டாஸில் பக்கம் கிடைத்தால் எந்தப் பாதியில் காற்றை எடுப்பது என்பதை வீட்டிலேயே முடிவு செய்து வர வேண்டும்.

கடைசியாக ஆளை எங்கே நிறுத்துவது. ஹைதராபாத்தின் சையத் அப்துல் ரஹீம் இதில் இந்தியாவுக்கே ஆசான். 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தது. பின்னால் நிறுத்தினால் பந்தை முட்டி முட்டி எடுக்க வேண்டும். ரஹீம் அவரை சென்டர் ஃபார்வர்டாக முன்னால் அனுப்பினார். முதல் ஆட்டத்தில் 0-2 என்று தோற்ற அதே தென் கொரியாவை இறுதியில் 2-1 என்று வென்றோம். ஒரு கோல் பி.கே. பானர்ஜி, மற்றொன்று ஜர்னைல். 2016 செப்டம்பரில் ஆர்சனலிடம் 0-3 என்று தோற்றபின் செல்சியின் அந்தோனியோ கொண்டே பின்வரிசையை மூவராக்கி, கிளப்பே வேண்டாம் என்று வாடகைக்கு அனுப்பிக்கொண்டிருந்த விக்டர் மோசஸை வலது ஓரத்தில் போட்டார். தொடர்ந்து 13 வெற்றி, சீசன் முடிவில் 93 புள்ளி. தன் கையில் இருக்கும் ஆளுக்கு ஏற்ற முறையை இருவரும் கண்டுபிடித்தார்கள். பெரும்பாலான தோல்வி இதற்கு எதிராக நடப்பதில் வருகிறது: டி.வி.யில் பார்த்த முறையை, அதற்குரிய கால் இல்லாத பையன்கள் மேல் போடுவது.

நம் பிள்ளைகளுக்கு

தொழில்முறை கோச்சின் கைக்கு வருகிறவன் 20 வயதில் முழுசாக ஆகி வருகிறான். அவன் பந்தை எந்தக் காலில் வாங்குவான், வாங்குமுன் தோளுக்குப் பின்னால் பார்ப்பானா என்பதெல்லாம் பத்து வயதுக்கும் பதினாறுக்கும் நடுவில் முடிவாகிவிட்டது. அதை முடிவு செய்தவர் ஊரிலிருக்கும் பி.டி. மாஸ்டர், அல்லது பழைய ஆட்டக்காரர் ஒரு அண்ணன், அல்லது யாருமே இல்லை.

மூன்றாவது வகைதான் அதிகம். உவரி, கூடுதாழை, இடிந்தகரை என்று கடற்கரை முழுக்கப் பையன்கள் மணலில் ஆடுகிறார்கள். ஞாயிறும் திருவிழாவும் என்றால் பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ். மணல் ஆட்டம் கெண்டைக்காலுக்கு வலு தரும், பந்தைக் காலோடு ஒட்டவைக்கும், தூக்கி அடிக்கப் பழக்கும். அதில் வராதது தரைப் பாஸ். மணலில் பந்து உருளாது. அந்தப் பையன் புல் களத்துக்குத் தேர்வுக்குப் போனால் முதல் பத்து நிமிடம் அவன் பாஸ் எல்லாம் வேகம் தப்பிப் போகும், வருகிற பந்து காலில் பட்டுத் துள்ளும். பல செவன்ஸ் போட்டிகளில் ஆஃப்சைடும் பார்ப்பதில்லை. அதனால் பின்வரிசையோடு சேர்ந்து முன்னேறுவதும், எதிராளியின் வரிசையை ஒட்டி ஓட்டத்தை நிறுத்தித் தொடங்குவதும் பழக்கத்திலேயே இருக்காது. தேர்வாளர் பார்ப்பது அந்தப் பத்து நிமிடத்தை. திறமை இருந்தும் பெயர் வராமல் பஸ் ஏறி வீட்டுக்கு வருகிற பையன்களை நினைத்தால் மனசு ஆறுவதில்லை. இரண்டு மாதம் ஒழுங்கான புல் களப் பயிற்சி கிடைத்திருந்தால் தீர்ந்திருக்கும் குறை அது. பக்கத்துக் கன்னியாகுமரி மாவட்டத்து இரவிபுத்தன்துறையிலிருந்து மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி வழியாக ஜாம்ஷெட்பூர், ஏ.டி.கே. என்று போனார். கடற்கரை மணலிலிருந்து அந்த உயரம் எட்டும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஐஸ்லாந்தின் மக்கள் தொகை 2016இல் ஏறக்குறைய 3.3 லட்சம். திருநெல்வேலி மாநகராட்சியில் மட்டும் 2011 கணக்கெடுப்பில் 4.7 லட்சம் பேர். அந்த நாட்டில் ஏறக்குறைய 500 பேருக்கு ஒரு உரிமம் பெற்ற கோச் இருந்தார். ஆறு வயதுப் பிள்ளைக்குச் சொல்லித் தருகிறவரும் சம்பளம் வாங்கும், படித்த கோச். 2000க்குப் பிறகு கூரை போட்ட பயிற்சிக் களங்கள் கட்டினார்கள். பிறகுதான் அந்த 2016 யூரோ வந்தது. நமக்கு அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் டி உரிமம் இருக்கிறது, அதற்குமேல் ஆசியக் கூட்டமைப்பின் சி, பி, ஏ, ப்ரோ என்று உரிமப் படிகள் இருக்கின்றன. மாவட்டத்தில் கால்பந்து ஆடும் ஒவ்வொரு பள்ளியிலும் டி உரிமம் பெற்ற ஒருவராவது இருந்தால் முதலமைச்சர் கோப்பைக்குப் பத்து நாள் முன்னால் அணியைத் திரட்டுகிற வழக்கம் மாறும்.

அப்படி ஒருவர் கிடைத்தால் முதலில் மாற்ற வேண்டியது 22 பிள்ளைகளை ஒரே பந்துக்குப் பின்னால் விரட்டுவதை. ஒரு மணி நேரத்தை 22 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு மூன்று நிமிடம்கூட வராது. 30-க்கு 20 மீட்டர் கட்டங்களில் 4-க்கு 4 என்று பிரித்தால் ஆளுக்கு ஏழரை நிமிடம். அதுவும் பெரிய களத்தில் கெட்டிக்காரப் பையன் நான்கு பேர் பந்தை வைத்துக்கொள்வார்கள், மெலிந்தவன் ஓரத்தில் நிற்பான். சின்னக் கட்டத்தில் ஒளிய இடமில்லை. பந்து வாங்கும் பயிற்சிக்கு 10 மீட்டர் சதுரம், நான்கு மூலையில் நால்வர், நடுவில் ஒருவன். பாஸ் வருமுன் பின்னால் நிற்கிறவன் தூக்கிக் காட்டும் விரல் எத்தனை என்று நடுவிலிருப்பவன் திரும்பிப் பார்த்துச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, பந்துக்கு அப்பாலுள்ள காலால் வாங்கித் திரும்ப வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஓர் ஆள், ஐந்து பேருக்கும் பத்து நிமிடம். தினமும் செய்தால் ஆறு மாதத்தில் பையன் வேறு ஆட்டக்காரன். பன்னிரண்டு வயது அணியை ஜெயிக்க வைப்பதற்காக உயரமானவனை முன்னால் நிறுத்தி அவனை நோக்கித் தூக்கி அடிக்கச் சொல்லுகிற கோச், அந்த வருடம் கோப்பை வாங்கித் தருவார். பதினாறு வயதில் மற்றவர்களும் உயர்ந்துவிடுவார்கள், அவனுக்குக் காலில் ஒன்றும் இருக்காது.

ஊர்க் கிளப் கோச் எடுக்கப் போகும்போது அவர் எந்த அணிக்கு ஆடினார் என்று கேட்பதைவிட, அவரிடம் வளர்ந்த பையன்களில் எத்தனை பேர் இன்னும் ஆடுகிறார்கள், ஒரு வாரத்துப் பயிற்சியை எழுதித் தர முடியுமா என்று கேட்பது பயன் தரும். எழுதித் தந்ததில் பந்து இல்லாத ஓட்டம் பாதிக்குமேல் இருந்தால் யோசிக்க வேண்டும். எடுத்தபின் குறைந்தது ஒரு முழு சீசன் கொடுக்க வேண்டும். நடுவில் கேள்வி கேட்பதானால் முன்னே சொன்ன நோட்டை வைத்துக்கொண்டு கேட்கலாம். சம்பளம் பேசுகிற அன்றே சாமானையும் பேசிவிட வேண்டும்: 20 பிள்ளைகளுக்கு 10 பந்து, இரண்டு நிறத்தில் பத்துப் பத்துப் பிப், 30 கோன், ஓர் எடை மெஷின், ஐஸ் பெட்டி ஒன்று. பந்து நாலுதான் என்றால் எவ்வளவு கெட்டிக்காரக் கோச் வந்தாலும் பிள்ளைகள் வரிசையில் நின்றுகொண்டுதான் இருப்பார்கள்.